ஒரே பொத்தான் உள்ள விளையாட்டு

முகுந்தா,

தமிழில் எழுதியிருக்கிறாளே என்று அலுத்துக்கொள்ளாதே. வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் அனுப்பினால் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒரு மஞ்சள் முகத்தைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "அச்சா அச்சா, சமஜ் கயா" என்று, புரிந்துவிட்ட மாதிரி முடித்துவிடுவாய். தமிழ் என்றால், இங்கே டில்லியில் மயூர் விஹார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டித்தான் நீ படித்தாக வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று படி.

நிஜாமுத்தீனில் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. நீ நம்ப மாட்டாய். உன் நண்பர்களிடமெல்லாம் நீ பெருமையடித்துக்கொள்கிற ஆள் நான். பேய் விளையாட்டைப் பார்த்துச் சிரித்த அம்மா. நினைவிருக்கிறதா? கல்லூரி விடுமுறையில் வந்தபோது என் காதில் ஹெட்போனை மாட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் என்னைத் தனியாக அனுப்பினாய். விளக்கு மினுக்குகிற தாழ்வாரம், தானாக உருளும் ஸ்ட்ரெச்சர், சுவரில் ரத்தக் கை. உன் அப்பாவே செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நகர்ந்து போனார். நான் கதவு கதவாகத் திறந்துகொண்டே போனேன். என் அபிப்பிராயத்தை அன்றைக்கே சொன்னேன்: இது பயமுறுத்தத் தெரியாத விளையாட்டு. பேய் வருவதற்கு முன்னால் வயலினை இழுக்கிறார்கள். வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வருவதற்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

விளையாட்டுகளைப் பற்றி எனக்கு எப்போதுமே அபிப்பிராயங்கள் உண்டு. கேட்க உன்னைத் தவிர ஆளில்லை. உனக்கு ஆறு வயதிருக்கும்போது பாலிகா பஜாரிலிருந்து டிவியில் சொருகுகிற பெட்டியும் மஞ்சள் கேசட்டும் வாங்கி வந்தோமே, அதில் குள்ள மனிதன் ஒருவன் பள்ளங்களைத் தாண்டித் தாண்டி ஓடுவான். அதைப் போல நேர்மையான விளையாட்டை நான் பிறகு பார்க்கவில்லை. பள்ளம் கண்ணெதிரே இருக்கும். விழுந்தால் உன் தப்பு. நீ பள்ளிக்குப் போன பிறகு, எனக்கு லீவு இருக்கிற நாட்களில், நான் தனியாக உட்கார்ந்து அவனைத் தாண்டவைப்பேன். நீ திரும்பி வந்து, "மம்மி, ஆப் இத்னே ஆகே கைசே?" என்று வாயைப் பிளந்தாய். அவ்வளவு தூரம் எப்படிப் போனேன் என்று கேட்டாய். அன்றைக்குத்தான் நான் உன் பார்வையில் ஒரு ஆளாகத் தெரிந்தேன் என்று நினைக்கிறேன்.

பட்டன் போனில் வந்த பாம்பும் நல்ல விளையாட்டு. அலுவலக பஸ்ஸில் நின்றுகொண்டே ஆடுவேன். அதில் எதிரி கிடையாது. தின்று தின்று நீளமாகி, தன் வாலிலேயே முட்டிச் சாகும். இருபத்தெட்டு வருடம் அமைச்சகத்தில் கோப்பு நகர்த்தியவளுக்கு அதன் பொருள் நன்றாகவே புரிந்தது. பண்ணை விளையாட்டு எனக்குப் பிடிக்கவே இல்லை. அரை மணியில் தக்காளி பழுக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் போய்ப் பறிக்காவிட்டால் வாடிவிட்டது என்று மனசை நோகடிக்கிறது. ஆபீஸ் விட்டு வந்தால் இன்னொரு ஆபீஸ். மிட்டாய்களை மூன்று மூன்றாக அடுக்குகிற விளையாட்டை மெட்ரோவில் ஆடாத பெண்ணே இல்லை. அதில் ஜெயிப்பது நம் கையில் இல்லை, அவர்கள் விட்டால் ஜெயிக்கலாம், அவ்வளவுதான். கார் ரேஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழை நாளில் ஐ.டி.ஓ. சிக்னலைக் கடந்து வீட்டுக்கு வருகிறவளுக்கு ரேஸ் எதற்கு?

எனக்கு உயிரான விளையாட்டு அந்தத் தீவுதான். நீ புனேக்கு வேலைக்குப் போனதும் என் போனில் நீயே ஏற்றிக் கொடுத்தது. பாராசூட்டில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கடைசி வரை பிழைத்திருக்க வேண்டும். ஊரார் அதை ரத்தக்களரி என்றார்கள். எனக்கு அது உன்னோடு பேசுவதற்கு ஓர் இடம். "சாப்பிட்டியா?" என்று போனில் கேட்டால் "ஹாம்" என்று முடித்துவிடுகிறவன், புதரில் என்னோடு பதுங்கி உட்கார்ந்திருக்கும்போது மேனேஜரைப் பற்றிச் சொன்னாய், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாய், ஒரு நாள் சுப்ரியாவைப் பற்றியும் சொன்னாய். "மம்மி, ஒரு பொண்ணு இருக்கா. மராட்டி. பஹ்லே மெடிகிட் தே தோ, அப்புறம் சொல்றேன்." நான் மருந்துப் பையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கல்யாணச் சேதியை அப்படிக் கேட்ட தாய் வேறு யாரும் இருக்க முடியாது.

அந்தத் தீவில்தான் முதலில் எனக்கு அது நடந்தது. என்னை யார் சுட்டாலும் வலது பக்கத்திலிருந்தே சுட்டார்கள். "மம்மி, ரைட்ல பாரு! ரைட்ல!" என்று நீ கத்துவாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அங்கே மரமும் புல்லும்தான் இருக்கும். அடுத்த நொடி நான் செத்திருப்பேன். நெட்வொர்க் சரியில்லை என்றேன். போன் பழசாகிவிட்டது என்றேன். நீ புதுப் போன் வாங்கி அனுப்பினாய். அதிலும் செத்தேன். பிறகு ஒரு நாள் மெட்ரோ ஸ்டேஷனில் ஒரு பெண்மீது மோதியதில், அவள் கையிலிருந்த டிபன் டப்பா படிக்கட்டில் உருண்டது. "தேக் கே சலியே, ஆன்ட்டி" என்றாள். பார்த்துத்தான் நடந்தேன். அவள் வலது பக்கத்திலிருந்து வந்தாள்.

படிக்கிற கண்ணாடி மாற்றப் போன கடையில்தான் கண்ணில் அழுத்தம் அதிகம் இருப்பதாகச் சொல்லி, டாக்டரிடம் அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன அறையில் என்னை உட்கார வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு யந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நீயும் இப்போது அதைப் பார்த்துவிட்டாய், அதனால் விவரிக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. அதை விட்டுப் பார்வை நகரக் கூடாது. கிண்ணத்தில் எங்காவது ஒரு வெளிச்சப் பொட்டு மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே ஒரு பொத்தான். இத்தனை வருடம் ஆடியவள் அல்லவா, உற்சாகமாகவே உட்கார்ந்தேன். சொன்னால் சிரிப்பாய், நன்றாக ஆடியதாகவே நினைத்தேன். மின்னியதை எல்லாம் பிடித்துவிட்டேன், ஒன்றையும் விடவில்லை என்று எழுந்து, அங்கிருந்த பெண்ணிடம், "எப்படி? ஃபுல் மார்க்கா?" என்று கேட்டேன். அவள் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தாள். வலது பக்கம் கரிபிடித்த பாத்திரம்போல் கறுப்பாக இருந்தது. அங்கெல்லாம் விளக்கு மின்னியிருக்கிறது, முகுந்தா. நான் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அதற்குக் கிளாகோமா என்று பெயர். கண்ணின் நரம்பு ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது. வலிக்காது, சிவக்காது. பார்வை போன இடத்தில் கறுப்பாகத் தெரியுமே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். உன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள், பொறுமையான பெண். "கறுப்பாத் தெரியாது ஆன்ட்டி. பக்கத்துல என்ன இருக்கோ அதை எடுத்து மூளையே நிரப்பிடும்," என்று ஹிந்தியில் சொன்னாள். அப்போதுதான் அந்த மரமும் புல்லும் எனக்குப் புரிந்தது. என் மூளை எனக்கு மரமும் புல்லும் வரைந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குள் ஆள் நின்றிருக்கிறான். வயலின் சத்தமே இல்லாமல் வந்த பேய் அது. நான் என் வாழ்க்கையில் முதன்முதலாக உண்மையாகப் பயந்தது அந்த நாற்காலியில்தான்.

எழுந்திருக்கும்போது அவள் கேட்டாள்: "பச்சே ஹைன்?" ஒரு பையன் என்றேன். "அவரையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல ஓடும்." அன்று சாயங்காலமே உனக்கு போன் செய்தேன். "அரே மம்மி, மேரா சிக்ஸ் பை சிக்ஸ் ஹை. ஆபீஸ் செக்-அப்ல பாத்தாங்க," என்றாய். போர்டில் எழுத்துப் படிப்பது வேறு, இது வேறு என்று சொன்னேன். அச்சா அச்சா என்றாய். அதோடு நான் ஆறு மாதம் உன் வாயில் அச்சாவைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

இந்த முறை நீ வந்தது எனக்காக அல்ல, லடாக்குக்காக. பைக்கை ரயில் பார்சலில் முன்னாலேயே அனுப்பியிருந்தாய். பள்ளி நண்பர்கள் நாலு பேர், புதன்கிழமை விடியற்காலம் கிளம்புவதாகத் திட்டம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பழையபடி டிவியில் இரண்டு பேரும் ஆடலாம் என்று சோபாவில் உட்கார்ந்தோம். திரை இரண்டாகப் பிரிந்து, மேலே நீ, கீழே நான். பனிமலையில் கயிறு பிடித்து ஏறுகிற விளையாட்டு. அழகான விளையாட்டு, எனக்கு அவசரமில்லாத விளையாட்டுகள்தான் இப்போது பிடிக்கின்றன. பனிப்புயல் அடித்தது. நீ "மம்மி, கஹாம் ஹோ?" என்றாய். எங்கேம்மா இருக்கே என்றாய். நான் உன் திரையைப் பார்த்தேன். நான் உன் பக்கத்திலேயே, உன் இடது கை ஓரத்தில், சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். வெள்ளைப் பனியில் சிவப்புக் கோட்டு. நீ மறுபடியும் "எங்கம்மா?" என்றாய்.

என் கையிலிருந்த கன்ட்ரோலர் வழுக்கியது. நீ திரும்பி, "என்ன ஆச்சு?" என்றாய். நாளைக்கு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா என்றேன்.

அதற்குப் பிறகு நீ கத்தியதை நான் எழுத மாட்டேன் என்று முதலில் நினைத்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் அதில் தப்பில்லை. "உனக்கு வந்தா எனக்கும் வரணுமா? புயல் அடிக்குது, ஸ்க்ரீன் முழுக்க வெள்ளை, எவனுக்குத் தெரியும்? நீ பயந்துட்டே, அதனால என்னையும் பயமுறுத்துறே. லடாக் போகக் கூடாது, அவ்ளோதானே?" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ சொன்னதில் பாதி உண்மை. இடது ஓரத்தில் பள்ளத்தாக்கு இருக்கிற சாலை ஒன்று என் கண்முன் வந்துகொண்டே இருந்தது. அதில் நீ பைக்கில் போய்க்கொண்டிருந்தாய். உன் அப்பாதான் ஊஞ்சலை நிறுத்திவிட்டு, "டேய், லடாக் எங்கேயும் ஓடிப்போகாது. நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம். டாக்டர் ஒண்ணுமில்லேன்னா நானே உன் பைக்குக்குப் பெட்ரோல் போட்டு வழியனுப்புறேன். அம்மா தூங்கணும்டா," என்றார். நீ அப்பாவின் வார்த்தைக்காகத்தான் வந்தாய். எதற்காக வந்தாயோ, வந்தாய்.

அந்த அறையில் நீ பார்க்காததைச் சொல்கிறேன். நீ கிண்ணத்துக்குள் முகத்தை வைத்திருந்தாய். என்னை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார விட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு உன் முதுகும், கையில் பிடித்திருந்த பொத்தானும்தான் தெரிந்தன. வலது கண்ணுக்கு நீ அழுத்திய சத்தம் மழை பிடித்த மாதிரி விடாமல் கேட்டது. டக், டக், டக். என் பையன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். நான்தான் கிறுக்கி, வீணாகக் குழந்தையை இழுத்து வந்தேன், வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், ரவா தோசை வார்க்க வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். பிறகு இடது கண். முதலில் டக், டக். அப்புறம் சத்தம் நின்றது. யந்திரம் மட்டும் உள்ளே மெதுவாக உறுமிக்கொண்டு எதையோ காட்டிக்கொண்டே இருந்தது. உன் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது, அசையவில்லை. அழுத்துடா, அழுத்துடா என்று எனக்குள் கத்தினேன். பிறகு ஒரு டக். மறுபடியும் அமைதி. அந்த அமைதியில் உன் கண்ணுக்கு முன்னால் விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீ எழுந்து, கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "ஈசி தா," என்றாய். சுலபமாக இருந்ததாம். அதே நினைப்பு. நானும் ஃபுல் மார்க்கா என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்தேன்.

டாக்டரம்மா சொன்னதை நீயும் கேட்டாய். ஆனாலும் நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் மறுபடி சொல்கிறேன். இடது கண்ணில் மட்டும், மேல் ஓரத்தில், கொஞ்சம் போயிருக்கிறது. போனது திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றலாம். தினமும் சாயங்காலம் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு, வாழ்நாள் முழுக்க. நான் பெருமையாக அந்தச் சிவப்புக் கோட்டு விஷயத்தை அவளிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "இந்த அளவுக்கு விளையாட்டுல தெரியாது ஆன்ட்டி. ஒரு கண்ணு விட்டதை இன்னொரு கண்ணு பிடிச்சிடும். அன்னைக்கு அவர் கவனிக்காம விட்டிருப்பார், அவ்வளவுதான்," என்றாள். அதைக் கேட்டு நீ நிம்மதியானாய். எனக்கோ அதுவரை வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது. அப்படியானால் நான் கண்டுபிடிக்கவில்லை. தற்செயல். அன்றைக்குப் பனிப்புயல் அடிக்காமல் இருந்திருந்தால், நீ என்னைச் சட்டென்று பார்த்திருந்தால், "இதோ இருக்கியே" என்று சொல்லியிருந்தால், நான் உனக்கு வழிக்குச் சப்பாத்தி கட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பேன்.

அழுத்தம் இறங்கும்வரை மலைப்பயணம் வேண்டாம் என்று அவள் சொன்னாள். நீ பால்கனியில் நின்று நண்பர்களிடம் பேசினாய். "அரே, ஆபீஸ்மே காம் ஆ கயா" என்றாய். வேலை வந்துவிட்டதாம். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு அடுக்களையில் நின்றிருந்தேன். அந்தப் பொய்யை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுப்ரியாவிடம் அப்படிப் பொய் சொல்லாதே. கல்யாணத்துக்கு முன்பே, நேருக்கு நேர் உட்கார வைத்து, காகிதத்தைக் காட்டிச் சொல். அவள் அம்மா அப்பா என்ன நினைப்பார்களோ என்று எனக்கும் பயம்தான். சொல்லாமல் இருந்து, நீ மருந்தை ஒளித்து ஒளித்துப் போட்டு, ஒரு நாள் வெட்கத்துக்காகப் போடாமல் விடுவதை நினைத்தால் இன்னும் பயம். நாளைக்கு உங்களுக்குக் குழந்தை பிறந்தால் அதையும் அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டியிருக்கும். அவளுக்குத் தெரியாமல் அது எப்படி நடக்கும்?

உன் பெரியம்மா திருச்சியிலிருந்து போன் செய்து, "ஆத்தாளும் மவனும் எந்நேரமும் போனையே பாத்துட்டிருந்தா கண்ணு போகாம என்ன செய்யும்?" என்றாள். அதை மட்டும் நம்பாதே. நான் டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் சோற்றுத் தட்டே தெரியாது, வயசு என்றார்கள். அவர் எந்தத் தீவில் துப்பாக்கி சுட்டார்? குற்ற உணர்ச்சியில் நீ விளையாட்டை விட்டுவிடாதே. விட்டால் எனக்கு உன்னோடு பேச இடமில்லாமல் போய்விடும்.

நான் தைரியமாக இரு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. பார்வை போன பிறகும் பயமில்லாமல் இருக்கிறவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருத்தி இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு கண்ணைப் பொத்தி, சுவரிலிருக்கிற காலண்டரைப் பார்க்கிறேன். அது முழுசாகத் தெரிகிறது. தெரிவதை இப்போது நம்ப முடியவில்லை, அதுதான் கஷ்டம். உனக்கு அந்தக் கஷ்டம் வர வேண்டாம் என்று நினைக்கிறேன், ஆனால் கொஞ்சம் வரட்டும் என்றும் நினைக்கிறேன். பயம் இருக்கிறவன் மருந்தை மறக்க மாட்டான்.

இன்னொன்று சொல்லவா? உன் அப்பாவுக்கு விளையாட்டென்றாலே பிடிக்காது என்று உனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அந்தத் தீவை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நேற்றுச் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் வந்துட்டானா?" என்று கேட்டார். உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் நீ வந்துவிட்டாய் என்று சொல்லிக் கொடுத்தேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிந்ததும், "போட்டானான்னு கேளு," என்றார். நான் கேட்டேன். "டால் தியா, டால் தியா" என்றாய். மருந்து போட்டாச்சாம். இரண்டு தடவை சொன்னாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அந்தப் பச்சைப் புள்ளி நீ வந்திருக்கிறாய் என்றுதான் சொல்லும். மருந்து போட்டாயா என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, இங்கிருந்து எனக்கு உன் கண்ணும் தெரியாது, கையும் தெரியாது. அதனால் இன்றைக்கு ஆட வருவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, தலையை நிமிர்த்திப் போட்டுவிட்டு வா. தாமதமானால் பரவாயில்லை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துதான் இருப்போம்.

அம்மா